பழைய போர்க்கருவித் தொலைநோக்கிகளும் திரைப்படக் கதிர்த்துப்பாக்கிகளும்

கதிர்த்துப்பாக்கி என்பது அறிவியல் புனைகதைத் திரைப்படங்களில் கதைமாந்தர் கையில் காணப்படும் கற்பனை ஆயுதமாகும். ஆங்கிலத்தில் இதனைப் பிளாஸ்டர் என்பர். சுவரில் பூசும் பிளாஸ்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை. குண்டுக்குப் பதிலாக ஒளிக்கற்றையைப் பாய்ச்சுவதாகத் திரையில் காட்டப்படும் இத்தகைய ஆயுதம் கற்பனையே. ஆயினும், திரையில் பார்க்கும்போது அது உண்மையான கருவி போலவே நமக்குத் தோன்றுகிறது. காரணம், புகழ்பெற்ற கதிர்த்துப்பாக்கிகள் பல உண்மைப் பொருள்களைக் கொண்டே செய்யப்பட்டவை. குறிப்பாக, அவற்றின் மேல் பொருத்தப்பட்டுள்ள தொலைநோக்கிகள் இரண்டாம் உலகப்போர்க் காலத்து இராணுவக் கருவிகளும் வேட்டைத் துப்பாக்கிக் கருவிகளும் ஆகும்.

அந்தக் கருவிகள் எங்கிருந்து வந்தன, அவை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டன, இன்று நாடகத்துக்கோ குறும்படத்துக்கோ இவ்வாறு செய்ய விரும்புவோர் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

குறிநோக்கி: சில அடிப்படைச் செய்திகள்

துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் சிறு தொலைநோக்கியைக் குறிநோக்கி எனலாம். பேச்சு வழக்கில் ஸ்கோப் என்பர். பள்ளி இயற்பியல் பாடத்தில் வரும் தொலைநோக்கியின் அமைப்பே இதற்கும் அடிப்படை. முன்முனையில் பொருளருகு லென்சும் பின்முனையில் கண்ணருகு லென்சும் இருக்கும். பொருளருகு லென்சு தரும் தலைகீழ்ப் பிம்பத்தை நேராக்குவதற்கு இடையில் வேறு லென்சுகளோ முப்பட்டகங்களோ வைக்கப்படும். பிம்பம் விழும் இடத்தில் குறுக்கிழைகள் இருக்கும். அவற்றை மேல்கீழாகவும் இடவலமாகவும் நகர்த்துவதற்குக் குழலின் வெளிப்புறத்தில் திருகு குமிழ்கள் அமைந்திருக்கும்.

திரைப்படக் கலைஞர்களுக்கு இதன் உள்ளமைப்பு தேவையில்லை. அவர்களைக் கவர்ந்தவை வெளிப்புறத்தில் உள்ளவையே. வழுக்காமல் பிடிக்க வளையங்களில் போடப்பட்ட சொரசொரப்பான கீறல்கள் (லேத் பட்டறையில் இதை நர்லிங் என்பர்), எண்கள் பொறித்த குமிழ்கள், கண்ணை ஒட்டி வைக்கும் ரப்பர் வளையம், உற்பத்தி எண் தட்டு ஆகியவை அனைத்தும் ஏதோ ஒரு பயன் கருதி வைக்கப்பட்டவை. அந்தப் பயன் என்னவென்று பார்ப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், பயன் ஒன்று உண்டு என்பதைக் கண் உணர்ந்துகொள்ளும்.

1976: எல்ஸ்ட்ரீ படப்பிடிப்புத் தளம்

ஜார்ஜ் லூக்காஸ் இயக்கிய முதல் ஸ்டார் வார்ஸ் திரைப்படம் 1977 மே 25 அன்று வெளியானது. அதன் படப்பிடிப்பு 1976இல் துனிசியாவிலும் லண்டனுக்கு அருகிலுள்ள எல்ஸ்ட்ரீ தளத்திலும் நடைபெற்றது. எல்லாப் பொருள்களையும் புதிதாக வடிவமைத்துச் செய்யும் அளவுக்குப் பணம் இல்லை. மேலும், விண்கலமும் ஆயுதமும் பளபளப்பாக இல்லாமல், பலர் கைபட்டுத் தேய்ந்தவையாகத் தெரிய வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார்.

இந்த இரண்டுக்கும் ஒரே விடையாக அமைந்தது பழைய பொருள். அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பாக இருந்த ரோஜர் கிறிஸ்டியன், திரைப்படங்களுக்கு ஆயுதங்களை வாடகைக்கு விடும் லண்டன் நிறுவனமான பாப்டியிலிருந்து உண்மையான துப்பாக்கிகளை எடுத்தார். அவற்றின் மேல் பழைய தொலைநோக்கிகள், எண்ணும் கருவிகள், உலோகத் துண்டுகள் ஆகியவை பொருத்தப்பட்டன. போர் முடிந்து முப்பது ஆண்டுகளே ஆகியிருந்ததால் இராணுவ உபரிப் பொருள்கள் அப்போது பிரிட்டனில் மலிவாகக் கிடைத்தன. கதாநாயகனின் ஒளிவாள் கூட இவ்வாறு பிறந்ததே. அதன் கைப்பிடி, கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய ஒளிப்படக் கருவியின் மின்வெட்டு விளக்கைத் தாங்கும் குழல் ஆகும். இப்படத்தின் கலை இயக்கத்துக்காக ஜான் பாரி, நார்மன் ரெனால்ட்ஸ், லெஸ்லி டில்லி ஆகியோருடன் ரோஜர் கிறிஸ்டியனும் ஆஸ்கர் விருது பெற்றார்.

ஹான் சோலோவின் கைத்துப்பாக்கி

ஹான் சோலோ என்ற பாத்திரம் இடுப்பில் தொங்கவிட்டிருக்கும் கதிர்த்துப்பாக்கியின் உடல், ஜெர்மனியின் மௌசர் சி96 வகைக் கைத்துப்பாக்கியாகும். துடைப்பக் குச்சி போன்ற உருண்டைப் பிடி இதன் அடையாளம். பெயரில் உள்ள 96 என்பது 1896ஆம் ஆண்டைக் குறிக்கும். குழலின் முனையில், ஜெர்மானிய வானூர்தித் துப்பாக்கியான எம்ஜி81இன் தீச்சுடர் மறைப்பான் பொருத்தப்பட்டது. மேலே இருப்பது ஹென்சோல்ட் நிறுவனத்தின் குறிநோக்கி.

ஹென்சோல்ட் நிறுவனம் இருந்த வெட்ஸ்லார் நகரம் ஒளியியல் கருவிகளுக்குப் பெயர்பெற்றது. புகழ்பெற்ற லைக்கா ஒளிப்படக் கருவியும் அங்கேதான் பிறந்தது. கைத்துப்பாக்கி ஒன்றுக்கு இவ்வளவு பெரிய குறிநோக்கி உண்மையில் பொருந்தாது. இடுப்பு உறையிலிருந்து உருவும் துப்பாக்கியில் கண்ணை ஒட்டிப் பார்க்க நேரம் ஏது? திரையில் யாரும் இதைக் கேட்பதில்லை. பொருந்தாத இரண்டு உண்மைப் பொருள்கள் சேர்ந்ததால், நாம் அறியாத மூன்றாவது பொருள் ஒன்று பிறந்துவிட்டது. இவ்வகைப் படைப்பின் அடிப்படை உத்தி இதுவே.

வெண்கவசப் படைவீரரின் துப்பாக்கி

வெண்ணிறக் கவசம் அணிந்த ஸ்டார்ம் ட்ரூப்பர் வீரர்கள் ஏந்தும் ஆயுதம் நமக்கு இன்னும் நெருக்கமானது. அதன் உடல் ஸ்டெர்லிங் துணை இயந்திரத் துப்பாக்கி. ஜார்ஜ் பேட்செட் என்பவர் வடிவமைத்த இதனை 1950களில் பிரிட்டன் இராணுவம் ஏற்றுக்கொண்டது. இதே துப்பாக்கி உரிமம் பெற்று இந்தியாவிலும் செய்யப்பட்டது. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் தயாரான 9 மி.மீ. கார்பைன் 1ஏ1 என்பது அதுதான். நம் தரைப்படையிலும் காவல் துறைகளிலும் நெடுங்காலம் பயன்பட்டது. குழலைச் சுற்றித் துளைகள் நிறைந்த உறை, மடக்கும் உலோகக் கட்டை, இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வளைந்த தோட்டாக் கூடு ஆகியவற்றைக் காவலர் தோளில் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பர். திரைப்படத்தில் அந்தக் கூட்டின் நீளத்தைக் குறைத்து, துளைகளின் வரிசையில் பட்டைகளை ஒட்டி, ஜெர்மன் நாட்டு ஹென்ஸ்ட்லர் எண்ணும் கருவியைப் பக்கவாட்டில் பொருத்தினர்.

மேலே வைக்கப்பட்டது எம்38 என்ற அமெரிக்கத் தொலைநோக்கி. இது கைத்துப்பாக்கிக்கோ நீள் துப்பாக்கிக்கோ உரியது அன்று. ஷெர்மன் டாங்கியின் பீரங்கிவீரர் வெளியே பார்க்கும் மறைநோக்கியினுள் செருகப்படும் கருவி. குட்டையான கறுப்புக் குழலாகத் தோன்றும் இதில் 1942, 1943 போன்ற ஆண்டுகள் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

இந்த ஷெர்மன் டாங்கிக்கும் செட்டிநாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்பங்கு விளைநிலம் நகரத்தார் வசம் இருந்தது. 1941 டிசம்பரில் இரங்கூன் மீது ஜப்பான் குண்டு வீசியதும், 1942இல் இந்தியர்கள் பல இலட்சம் பேர் கடல்வழியாகவும் கால்நடையாகவும் நாடு திரும்பினர். நிலமும் வட்டிக்கடையும் அங்கேயே நின்றுவிட்டன. பின்னர் 1945இல் மெய்க்டிலா நகரை மீட்கும் போரில் 255ஆம் இந்திய டாங்கிப் படையணி ஷெர்மன் டாங்கிகளுடன் ஈடுபட்டது. 1965 போரிலும் இந்திய இராணுவத்திடம் ஷெர்மன் டாங்கிகள் இருந்தன. ஆக, குழந்தைகள் விண்வெளி ஆயுதம் என்று வியந்து பார்க்கும் அந்தக் கறுப்புக் குழல், நம் தாத்தாக்களின் வாழ்வைப் புரட்டிப்போட்ட போரின் கருவியாகும்.

கண் ஏன் நம்புகிறது?

கற்பனையாக ஒரு பொருளை வரையும்போது, எங்கெங்கு குமிழ் வைத்தால் அழகாக இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மைக் கருவியில் குமிழின் இடத்தை அழகு தீர்மானிப்பதில்லை. வீரரின் விரல் எட்டும் தொலைவும், உள்ளே இருக்கும் லென்சின் இடமும், குளிரில் கையுறையோடு திருக வேண்டிய தேவையும் தீர்மானிக்கின்றன. அதனால் அதில் ஓர் ஒழுங்கின்மை தெரியும். அந்த ஒழுங்கின்மைதான் உண்மையின் அடையாளம்.

இரண்டாவது காரணம் தேய்மானம். கை படும் இடத்தில் மட்டும் கறுப்பு வண்ணம் போய்ப் பித்தளை தெரியும். மூலைகளில் வெளுத்திருக்கும், பள்ளங்களில் அழுக்கு நிற்கும். செட்டிநாட்டு வீட்டுத் தேக்குக் கதவில் தாழ்ப்பாளைச் சுற்றி மட்டும் மரம் பளபளத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தப் பளபளப்பு எத்தனை பேர் அந்த வாசலைக் கடந்தார்கள் என்பதற்கான கணக்கு.

மலிவுப் பொருள் அரும்பொருள் ஆனது

1976இல் கேட்பாரற்றுக் கிடந்த இக்கருவிகள், படம் வெற்றி பெற்ற பின் தேடப்படும் பொருள்களாகிவிட்டன. முதல் படத்தில் பயன்பட்ட ஹான் சோலோவின் துப்பாக்கி 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏலம் விடப்பட்டபோது 10 இலட்சம் டாலருக்கு மேல் விலை போனது. படத்தில் இருந்தது போலவே தாமும் செய்ய விரும்பிய ஆர்வலர்கள் உலகெங்கும் அசல் எம்38களையும் ஹென்சோல்ட் குறிநோக்கிகளையும் வாங்கத் தொடங்கினர்.

இதில் ஒரு முரண் உள்ளது. அசல் போலவே இருக்க வேண்டும் என்பதற்காக அசலையே துளையிடுகிறோம், அறுக்கிறோம், ஒட்டுகிறோம், வண்ணம் அடிக்கிறோம். எழுபது எண்பது ஆண்டுகள் தாங்கி நின்ற கருவி ஒன்று அந்த நாளோடு கருவியாக இல்லாமல் போகிறது. இனி யாரும் புதிதாக 1943ஆம் ஆண்டுக் கருவியைச் செய்ய முடியாது. இதனை உணர்ந்த ஆர்வலர்கள் பலர் இப்போது உலோகத்திலும் பிசினிலும் செய்த நகல்களையே பயன்படுத்துகின்றனர்.

ஒரு பள்ளி அனுபவம்

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தவறு செய்து கற்றேன். 1990களின் தொடக்கத்தில் பள்ளி ஆண்டு விழாவுக்கு விண்வெளி நாடகம் ஒன்று தயாரித்தோம். மரக்கட்டையில் துப்பாக்கி செய்து கொண்டுவந்த மாணவர்களிடம், "இதன் மேல் உண்மையான லென்சு ஒன்று இருந்தால் எடுப்பாக இருக்கும்" என்று சொன்னவன் நான்தான்.

மறுநாள் எங்கள் ஊர் வலையபட்டியில் ஒரு வீட்டிலிருந்து பழைய பைனாகுலர் ஒன்று வந்தது. மாணவர்கள் அதன் ஒரு பக்கக் குழலைக் கழற்றி மரத்துப்பாக்கியில் ஆணி வைத்துக் கட்டினார்கள். நாடகத்துக்கு நல்ல கைதட்டல். முடிந்ததும் மீண்டும் பொருத்திப் பார்த்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பைனாகுலரின் ஒவ்வொரு குழலிலும் இரண்டு முப்பட்டகங்கள் இருக்கும். அவை இம்மியளவு நகர்ந்தாலும் இரு கண்களுக்கும் உரிய பிம்பங்கள் ஒன்றாகச் சேரா. மதுரையில் பழுது பார்ப்பவரிடம் காட்டினோம். ஒரு முப்பட்டகத்தின் விளிம்பே உடைந்திருந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வீட்டு ஆச்சி வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார்கள். "அவுக ரங்கூன்ல இருந்து கொண்டாந்தது சார். மேமாடியில நின்னு கோயில் கும்பாபிசேகம் பாப்பேன். பிள்ளைக ஆசைப்பட்டுச்சுகன்னுதான் குடுத்தேன்" என்றார்கள். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை உறையில் போட்டு மூடி வைத்தார்கள். லென்சு கேட்ட நான், அது யாருடையது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அசலைத் தொடாமல் செய்யும் முறை

ஓர் அரங்கப் பொருளுக்குத் தேவை லென்சு அன்று, லென்சு போன்ற தோற்றமே. கீழ்க்காணும் முறையைப் பள்ளி மாணவர்களும் பின்பற்றலாம்.

1. அளந்து வரைதல்: அசல் கருவி கிடைத்தால் வெர்னியர் அளவி கொண்டு விட்டங்களையும் நீளங்களையும் அளந்து படம் வரைந்துகொள்க. எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒளிப்படம் எடுத்த பின் கருவியை உரியவரிடம் கொடுத்துவிடலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குச் சென்று பழைய கருவிகளின் வடிவங்களைப் பார்த்து வருவதும் நல்ல பயிற்சி. கடைக்காரரிடம் அனுமதி கேட்டு வரைந்துகொள்ள வேண்டும்.

2. உடல்: வெவ்வேறு விட்டமுள்ள பிவிசி குழாய்த் துண்டுகளை ஒன்றினுள் ஒன்று செருகினால் குறிநோக்கியின் படிப்படியான வடிவம் வந்துவிடும். இடைவெளிகளை எம்-சீல் கொண்டு நிரப்பலாம். வசதி உள்ளோர் முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். உலோகத்தில் வேண்டுமானால் லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து நர்லிங் போட்டுத் தருவார்கள்.

3. குமிழ்கள்: கெட்டுப்போன வானொலி, மிக்சி, மின்விசிறி ரெகுலேட்டர் ஆகியவற்றின் குமிழ்களும் பற்பசை மூடிகளும் போதும். பழைய டேப் ரெக்கார்டரின் எண்காட்டி, ஹென்ஸ்ட்லர் கருவியின் இடத்தை அழகாக நிரப்பும்.

4. கண்ணாடி: மூக்குக்கண்ணாடிக் கடையில் கழித்துப்போடும் லென்சுகள் கிடைக்கும். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சுள்ள லென்சு ஊதா அல்லது பச்சை நிறச் சாயல் காட்டும் என்பதால் அதுவே பொருத்தம். அதன் பின்னால் கறுப்புக் காகிதம் வைத்தால் ஆழம் தெரியும்.

5. தேய்மானம்: முதலில் வெள்ளி வண்ணமும் காய்ந்தபின் அதன் மேல் கறுப்பும் பூசி, கை படும் இடங்களில் மட்டும் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். எங்கும் ஒரே அளவில் தேய்த்தால் பொய் தெரிந்துவிடும். இதை எப்படிப் பிடிப்பார்கள், எந்த விரல் எங்கே படும் என்று கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் தேய்க்க வேண்டும்.

பழைய கருவிகளைக் கையாளுவோர் கவனத்துக்கு

இருளில் தெரிவதற்காகப் பழைய இராணுவக் கருவிகள் சிலவற்றின் எண்களிலும் குறியீடுகளிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டது. அந்த வண்ணத்தில் ஒளிர்வது துத்தநாக சல்பைடு. சில பத்தாண்டுகளில் அது செயலிழந்துவிடும் என்பதால் இன்று இருளில் ஒளி தெரியாது. ஆனால், ரேடியத்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். ஒளி அணைந்துவிட்டது என்பதால் கதிர்வீச்சு நின்றுவிட்டதாகப் பொருளாகாது. அத்தகைய வண்ணத்தைச் சுரண்டுவதும் உப்புத்தாள் போடுவதும் மிகத் தீங்கானவை. தூளாகி மூச்சு வழியாகவோ உணவு வழியாகவோ உடலுக்குள் சென்றால் எலும்பில் தங்கிவிடும். பழுப்பேறிய வண்ணம் பூசிய எண்தட்டுள்ள கருவியைப் பிரிக்காமல் விடுவதே நன்று.

பழைய லென்சுகள் சிலவற்றில் ஒளிவிலகலைக் கூட்டுவதற்காகத் தோரியம் சேர்க்கப்பட்டிருக்கும். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடல் மணலில் கிடைக்கும் மோனசைட்டில் உள்ள அதே தனிமம்தான் இது. இத்தகைய கண்ணாடி நாளடைவில் பழுப்பு மஞ்சள் நிறம் பெறும். மஞ்சள் நிறம் எல்லாம் தோரியம் அன்று. இரு லென்சுகளை ஒட்டப் பயன்பட்ட கனடா பால்சம் என்ற பிசின் பழையதானாலும் மஞ்சளாகும். எதுவாயினும் லென்சை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது.

எந்தத் தொலைநோக்கி வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை மாணவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

சட்டமும் பொது இடமும்

பிரிட்டனில் உரிமம் பெற்ற நிறுவனம் உண்மைத் துப்பாக்கியைத் தந்து, அதன் மேல் தொலைநோக்கி வைத்தார்கள். இங்கே அந்த முறைக்கு இடமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். முழுத் துப்பாக்கி மட்டுமன்றி அதன் பாகங்களும், ஓசையையோ தீச்சுடரையோ குறைக்கும் இணைப்புகளும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. எனவே பழைய துப்பாக்கியின் குழலோ விசையோ வீட்டில் கிடைத்தால், அதை அரங்கப் பொருளாக்க முனையாமல் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும்.

மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்ததும் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு உண்மை போலத் தோன்றலாம். பேருந்திலும் தெருவிலும் கையில் ஏந்திச் செல்லாமல் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வது முறை. வானூர்தியில் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கிக்குக் கூட அனுமதி இல்லை. அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிற அடையாளம் வைக்கச் சட்டமே உள்ளது. நாமும் நாடகம் முடிந்ததும் முனையில் அத்தகைய வண்ண மூடி ஒன்றைப் போட்டு வைக்கலாம்.

நிறைவாக

அறிவியல் புனைகதைத் திரைப்படங்கள் எதிர்காலத்தைக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டாலும், அவற்றின் ஆயுதங்கள் நேற்றைய போர்களின் எச்சங்கள். வெட்ஸ்லார் தொழிலாளி கடைந்த வளையமும், டாங்கிக்குள் வியர்வையோடு ஒரு வீரர் திருகிய குமிழும் இல்லாமல் அந்த மாயம் நிகழ்ந்திருக்காது. அதனால் பழைய கருவி ஒன்று கைக்கு வரும்போது முதலில் அது எங்கே இருந்தது, யார் வைத்திருந்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். அதன் வடிவத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். அந்த ஆச்சியிடம் நான் கேட்காமல் விட்ட கதையை இனி எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது.